தானாக மூடும் கேட்டுக்குக் கண் இருக்கிறதா?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரம். பைபாஸ் சாலையை ஒட்டிய பருப்புக் கிட்டங்கி ஒன்றுக்குத் துவரை லோடு வந்தது. கிட்டங்கி நம் சங்க உறுப்பினர் ஒருவருடையது. பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை. வாட்ச்மேன் ரிமோட்டை அமுக்கினார். 7 மீட்டர் நீளமுள்ள இரும்பு கேட் பக்கவாட்டில் ஓடித் திறந்துகொண்டது. லாரியின் பாடி தூணில் உரசிவிடாமல் பார்த்துக்கொள்ள லோடுமேன் ஒருவர் தூணோரம் நின்றிருந்தார். லாரி உள்ளே போய்விட்டது. அவர் அங்கேயே தூணில் சாய்ந்தபடி, தெருவில் வந்த டீக்காரப் பையனிடம் எத்தனை டீ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த கேட் திறந்த அரை நிமிடத்தில் தானாக மூடும்படி அமைக்கப்பட்டது. அது சத்தமில்லாமல் ஓடி வந்து, அவருடைய தொடையைத் தூணோடு சேர்த்து நெருக்கிவிட்டது. வாட்ச்மேன் பதறிப்போய் ரிமோட்டை நாலைந்து முறை அமுக்கினார். ஒரே பொத்தான் உள்ள ரிமோட்டில் ஒரு அமுக்கலுக்கு நிற்கும், அடுத்ததற்குத் திறக்கும், அதற்கடுத்ததற்கு நிற்கும், பிறகு மூடும். ஆகவே கேட் ஒரு விரற்கடை விலகி, மறுபடியும் வந்து நெருக்கியது. யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். கேட் நின்றது; ஆனால் விடவில்லை. மோட்டாரைக் கேட்டிலிருந்து பிரித்துவிடும் சாவி ஒன்று உண்டு. அது முதலாளி வீட்டு பீரோவில் இருந்தது. கடைசியில் ஐந்து பேர் கடப்பாரை கொடுத்து கேட்டைத் தூக்கி, பல்சட்டத்திலிருந்து விலக்கித்தான் ஆளை வெளியே எடுத்தார்கள்.

தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. கால் இருந்த இடத்தில் மார்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அங்கிருந்தவர்கள் இன்றும் பேச மறுக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து நாம் அங்கே போய்ப் பார்த்தோம். போகும்போது, அந்த கேட்டுக்குப் பாதுகாப்புக் கருவி எதுவும் வைக்கவில்லை போலிருக்கிறது என்றே நினைத்துப் போனோம். அப்படியில்லை. இரண்டு தூண்களிலும் தீப்பெட்டி அளவில் கறுப்புப் பெட்டிகள் இருந்தன. போட்டோ சென்சார் என்றும் ‘கண்’ என்றும் சொல்வது இதைத்தான். குறுக்கே யாராவது நின்றால் கேட்டை நிறுத்தித் திருப்ப வேண்டியது இதன் வேலை. கண்களுக்கு மின்சாரம்கூட வந்துகொண்டிருந்தது. ஆனால் மோட்டார் போர்டைத் திறந்து பார்த்தபோது, கண்ணின் இணைப்பு வர வேண்டிய இரண்டு திருகுகளையும் இரண்டு அங்குலச் செம்புக் கம்பி ஒன்று சேர்த்துக் கட்டியிருந்தது. கண் பார்த்ததை போர்டு கேட்க வழியே இல்லை.

எலக்ட்ரீஷியனை வரவழைத்துக் கேட்டோம். ஒளிக்காமல் சொன்னார்: “கேட் பாதியில திரும்பிப் போகுது, லாரி எல்லாம் வரிசை கட்டி நிக்குதுன்னு முதலாளி போன் பண்ணாரு. கண்ணுல தூசி அடைச்சிருந்துச்சு, ஒட்டடையும் இருந்துச்சு. அப்போதைக்கு ஜம்பர் போட்டு விட்டேன். அப்புறமா வந்து சரி பண்ணலாம்னு இருந்தேன், அண்ணாச்சி.” அந்த ‘அப்போதைக்கு’ எட்டு மாதம் ஓடியிருக்கிறது. உறுப்பினரும் மறைக்கவில்லை. “கேட் ஓடுது, மூடுது, அதைத்தான் பார்த்தோம். உள்ளே என்ன செஞ்சாருன்னு நாம எங்கே பார்த்தோம்” என்றார்.

இந்தச் செம்புக் கம்பிக்காகவே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. நம் ஊரில் தானியங்கி கேட் வைத்திருக்கும் மண்டி, கிட்டங்கி, மில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் எத்தனை போர்டுகளில் இந்தக் கம்பி உட்கார்ந்திருக்கிறதோ, திறந்து பார்த்தால்தான் தெரியும்.

மோட்டாரின் பலம்

கையால் தள்ளும் கேட்டில் ஆள் நடுவே வந்தால் தள்ளுகிறவர் நிறுத்திக்கொள்வார். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. இந்த வகை கேட் 500 கிலோ எடை இருக்கும். வேகம் பெரிதல்ல, நிமிடத்துக்கு 10 மீட்டர் அளவில்தான் ஓடும், 7 மீட்டர் மூட 42 வினாடி ஆகும். நடக்கிற வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இதுவா ஆளைக் கொல்லப்போகிறது என்ற அலட்சியம் வருவது இதனால்தான். ஆனால் கேட் மோதுவதைவிட மோதிய பின் விடாமல் தள்ளுவதே எலும்பை முறிக்கிறது. மேலும், பெரும்பாலான மோட்டார்களில் உள்ளே இருப்பது புழுத் திருகுப் பல்சக்கரம். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும்; சக்கரத்தைத் தள்ளினால் மோட்டார் சுற்றாது. மெயினை அணைத்தும் கேட் அசையாமல் நின்றது அதனால்தான்.

தடை பட்டால் தானே நிற்கும் வசதி மோட்டாரிலேயே இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. எவ்வளவு எதிர்ப்பு வந்தால் நிற்க வேண்டும் என்பதைத் திருகி அமைக்க போர்டில் ஒரு குமிழ் உண்டு. நம் கிட்டங்கிகளில் நடப்பது என்னவென்றால், கேட்டின் தண்டவாளத்தில் சிந்திய பருப்பும் சேறும் மண்டிப்போய், சக்கர பேரிங்கும் துருப்பிடித்து, கேட் இறுகிவிடுகிறது. எதிர்ப்பு அதிகமாகி மோட்டார் அடிக்கடி நிற்கிறது. தண்டவாளத்தைக் கூட்டி பேரிங்கை மாற்றுவதை விட்டுவிட்டு, குமிழைக் கடைசி வரை திருகிவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த கேட்டுக்குத் துருவும் தொடையும் ஒன்றுதான். விபத்து நடந்த கேட்டிலும் குமிழ் கடைசியில்தான் நின்றது.

ஐரோப்பாவில் இதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். இ.என். 12453 என்ற அவர்களுடைய தரவிதிப்படி, கேட்டின் முனைக்கும் தூணுக்கும் நடுவே அரை மீட்டருக்குக் குறைவான இடைவெளியில் ஒருவர் சிக்கினால் அவர்மேல் விழும் அழுத்தம் 400 நியூட்டனைத் தாண்டக்கூடாது. நம் கணக்கில் சுமார் 40 கிலோ எடை. அதுவும் முக்கால் வினாடிக்குள் 150 நியூட்டனுக்கு, அதாவது 15 கிலோவுக்கு இறங்கிவிட வேண்டும். அளந்து பார்க்கத் தனிக் கருவியே இருக்கிறது.

மற்ற நாடுகளில் கற்ற பாடம்

அமெரிக்காவில் வீட்டுக் கார் ஷெட்டுக்கு மேலிருந்து இறங்கும் மோட்டார் கதவுகள் வெகு காலமாகப் பழக்கம். 1982-க்குப் பிந்திய பத்தாண்டுக் காலத்தில் 50-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்தக் கதவுகளின் அடியில் சிக்கி இறந்தார்கள். அந்நாட்டுப் பாராளுமன்றம் 1990-ல் சட்டம் இயற்றியது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார் ஒவ்வொன்றுக்கும், ஆள் சிக்கினால் திருப்பும் வசதியோடு கண்ணோ ரப்பர் பட்டையோ இருந்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். வாகன கேட்டுகளுக்கு உரிய யு.எல். 325 என்ற தரவிதியை 2016-ல் மேலும் இறுக்கினார்கள். ஆள் சிக்கக்கூடிய இடம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு பாதுகாப்புகள் வேண்டும். அந்தக் கண்ணோ பட்டையோ பழுதானாலும், வயர் அறுந்தாலும், யாராவது ஜம்பர் போட்டாலும் கேட் தானாக ஓட மறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் எலக்ட்ரீஷியன் கையாண்ட வழி உலகெங்கும் கையாளப்படுகிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டு கோடையில், சில நாள் இடைவெளியில், வெவ்வேறு ஊர்களில் 5 வயதும் 6 வயதும் ஆன இரண்டு சிறுமிகள் மோட்டார் கேட்டில் சிக்கி இறந்தார்கள். இரண்டும் குடியிருப்பு கேட்டுகள். மோட்டாரின் தள்ளுவிசையைக் குறைத்து வைப்பது மட்டும் போதாது, முனையில் அழுத்தப் பட்டையும் குறுக்கே கண்ணும் வேண்டும் என்று அந்நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறை அந்த ஆண்டில் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த விபத்துகளில் ஒன்றுக்காக, கேட்டை நிறுவிய நிறுவனம், பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனம் ஆகிய இரண்டுக்குமே 2014-ல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. பராமரிப்பவர் ‘நான் மாட்டவில்லை’ என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கண்ணை எங்கே மாட்டுவது?

கண் என்பது ஒரு ஜோடி. ஒரு தூணில் உள்ளது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். எதிர்த் தூணில் உள்ளது அதை வாங்கும். நடுவே யாரும் வந்து ஒளி தடைபட்டால் போர்டுக்குச் செய்தி போகும். இன்னொரு வகையில் ஒரு தூணில் மட்டும் பெட்டி. எதிரே சைக்கிளுக்குப் பின்னால் இருப்பது போன்ற பிரதிபலிப்பான். வயர் இழுக்கும் செலவு மிச்சம் என்று இதைத்தான் கடைகளில் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். தூசி படிந்தால் இது முந்திக் கெடும். பளபளக்கும் தகரமோ எவர்சில்வரோ குறுக்கே வந்தால், மலிவான ரகங்கள் அதையே பிரதிபலிப்பான் என்று ஏமாந்துபோவதும் உண்டு. பருப்பு, மிளகாய், மாவு புழங்கும் இடத்துக்கு இரண்டு பெட்டி வகையே நல்லது. சாதாரண ரகம் ஒரு ஜோடி, ஒரு மூட்டைத் துவரம்பருப்பின் விலைக்குள் வந்துவிடும்.

உயரத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கார் நிற்கும் வீடுகளுக்கு அரை மீட்டர் உயரத்தில் ஒரு ஜோடி வைப்பது வழக்கம். அதே அளவைக் கிட்டங்கிக்கும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கு வருவது டிராக்டர், டிரெய்லர், லாரி, குட்டி யானை, தள்ளுவண்டி. டிராக்டர் தாண்டி டிரெய்லர் வருமுன் நடுவே வெறும் இணைப்புக் கம்பிதான். அரை மீட்டர் உயர ஒளி அதற்கு மேலே எந்தத் தடையுமின்றிப் போய்விடும். வண்டி போய்விட்டது என்று கேட் மூட ஆரம்பிக்கும். நீண்ட லாரியிலும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே அடிப்பக்கம் காலியாக இருந்தால் இதே கதைதான். ஆகவே கிட்டங்கி கேட்டுக்கு இரண்டு ஜோடி வேண்டும்: ஒன்று தரையிலிருந்து 40 செ.மீ. அளவில், மற்றொன்று 1 மீட்டர் அளவில். கீழ்க் கண் குழந்தைக்கும் குனிந்து நிற்பவருக்கும். மேல் கண் வண்டிக்கும் நிமிர்ந்து நிற்பவருக்கும்.

இரண்டு ஜோடி வைக்கும்போது ஒன்றின் ஒளி மற்றொன்றின் வாங்கியில் விழுந்து குழப்பாமல் இருக்க, ஒரு ஜோடிக்கு அனுப்பி இடது தூணில் என்றால் அடுத்த ஜோடிக்கு வலது தூணில் வைக்க வேண்டும். தூண்கள் கிழக்கு மேற்காக அமைந்த கேட்டில் இன்னொரு தொல்லை உண்டு. மாலையில் கிட்டங்கி நெருக்கடியான நேரத்தில், சரிந்த வெயில் நேராக வாங்கியின் முகத்தில் அடித்தால் அது குருடாகும், கேட் மூட மறுக்கும். காலையில் சரியாக இருக்கும் கேட் மாலையில் மட்டும் அடம்பிடிக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அனுப்பியையும் வாங்கியையும் இடம் மாற்றினாலோ, சிறு குடை போலத் தகரம் வைத்தாலோ பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதைச் செய்ய அரை மணி நேரம் ஆகும். ஜம்பர் போட இரண்டு நிமிடம்!

கண்ணின் கண்ணாடியை வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மசாலா அரைக்கும் இடமென்றால் தினமும். இது எலக்ட்ரீஷியன் வேலை அல்ல. கடைப் பையன் செய்யலாம். போர்டுப் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறாமல், வயர் நுழையும் துளைகளை அடைத்து வைப்பதும் அப்படியே.

தரைக்குள் சுருள்

சில இடங்களில் கண்ணுக்குப் பதிலாக, அல்லது கண்ணோடு சேர்த்து, சாலைக்குள் கம்பிச் சுருள் புதைப்பார்கள். ‘லூப்’ என்பது இதன் பெயர். மேலே இரும்பு வண்டி வந்து நின்றால் சுருளின் மின் தன்மை மாறும். அதை ஒரு கருவி உணர்ந்து, வண்டி நகரும் வரை கேட்டை மூடவிடாது. டிராக்டர் டிரெய்லருக்கும் லாரிக்கும் இது அருமையான காவல். கான்கிரீட்டில் 4 செ.மீ. ஆழம் போல வெட்டி, ஒட்டுப்போடாத ஒரே கம்பியை நாலைந்து சுற்றுச் சுற்றி, மேலே தார் அல்லது ரப்பர் பசை ஊற்றி மூட வேண்டும். சுருளிலிருந்து பெட்டி வரை போகும் இரண்டு கம்பிகளையும் பின்னலாக முறுக்கி இழுக்க வேண்டும். முறுக்காமல் விட்டால், பக்கத்தில் ஒரு கம்பி அசைந்தாலும் வண்டி வந்துவிட்டது என்று கருவி நினைத்துக்கொள்ளும். ஓடுகிற கேட்டும் இரும்புதான் என்பதால் அதிலிருந்து 1 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்.

சுருளின் குறுகிய பக்கம் எவ்வளவோ, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரைதான் அது உணரும். 1 மீட்டர் அகலச் சுருள் 60 செ.மீ. உயரத்துக்கு மேல் உள்ள லாரிச் சட்டத்தைத் தவறவிட்டுவிடும். கார் நிறுத்தும் இடங்களுக்கு வேலை செய்து பழகியவர்கள் இந்தச் சின்ன அளவையே வெட்டுவார்கள். நமக்கு 2 மீட்டர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சுருளுக்கு மனிதனைத் தெரியாது. மூட்டை சுமந்து வருகிறவர், மரத் தள்ளுவண்டி, விளையாடும் பிள்ளை எதுவும் அதற்கு வண்டியல்ல. “லூப் போட்டாச்சு, இனிக் கண் எதற்கு” என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். லாரிக்குக் கீறல் விழாமல் இருக்கத்தான் அது. ஆளுக்குக் கண்ணும் பட்டையும்தான்.

முனையில் ரப்பர் பட்டை

கண் ஒரு கோட்டை மட்டும்தான் பார்க்கும். அந்தக் கோட்டுக்கு மேலோ கீழோ கை நீட்டியவரை அதற்குத் தெரியாது. கேட்டின் முனையில் மேலிருந்து கீழ் வரை ஒட்டும் ரப்பர் பட்டை கடைசிக் காவலாக இருப்பது அதனால்தான். உள்ளே இரண்டு மின்கடத்திகள் ஒன்றையொன்று தொடாமல் ஓடும். ஆள்மேல் பட்டு ரப்பர் அமுங்கினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். கேட் உடனே நின்று பின்வாங்கும். பட்டையின் கோடியில் 8.2 கிலோ ஓம் மின்தடை ஒன்று வைத்திருப்பார்கள். போர்டு அந்த அளவைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். அளவு பூஜ்யமானால் பட்டை அமுங்கியிருக்கிறது என்றும், அளவே இல்லாமல் போனால் வயர் அறுந்தது என்றும் தெரிந்துகொள்ளும். இரண்டிலும் கேட் ஓடாது. வெறும் கம்பியால் இதை ஏமாற்ற முடியாது. (மின்தடையையே வாங்கிவந்து வைத்து ஏமாற்றும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம்மிடம் மருந்து இல்லை.)

கண்ணிலும் இதே கண்காணிப்பு உள்ள போர்டுகள் கிடைக்கின்றன. கேட் ஒவ்வொரு முறை நகருமுன் போர்டு ஒரு கணம் அனுப்பியின் மின்சாரத்தை நிறுத்தும். வாங்கி ‘ஒளி இல்லை’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அங்கே ஜம்பர் இருக்கிறது என்று பொருள், கேட் நகராது. போர்டு வாங்கும்போது இந்தச் சோதனை வசதி உண்டா என்று கேட்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். இருந்தும் அதை இயக்காமல் விட்டுவிடுகிறார்கள். இயக்கியிருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி.

பக்கவாட்டில் ஓடும் கேட்டில் மூடும் முனையை மட்டும் பார்த்தால் போதாது. திறக்கும்போது கேட்டின் கம்பிகள் மதிற்சுவரை உரசிக்கொண்டு போகும். கம்பி வழியே கையை விட்டுக்கொண்டு நிற்பவரின் கை சுவருக்கும் கம்பிக்கும் நடுவே போய்விடும். 6 அடி உயரம் வரை, கை நுழையாத கண்ணளவு உள்ள வலையைப் பற்றவைத்துவிடுவதே இதற்கு வழி. இரண்டு கதவாக விரியும் கேட்டில் கீல் பக்கத்து இடுக்குதான் அபாயம். கண் அங்கே எட்டாது.

கேட் கழன்று விழுவதைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். தண்டவாளத்தின் இரு கோடியிலும் கனமான தடுப்பு இரும்பு பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். மோட்டாரைப் பிரித்துக் கையால் இழுக்கும் நாளில் அதுதான் காப்பாற்றும். சென்சார் வாங்கப் பணம் ஒதுக்குமுன் இதைச் செய்துவிடலாம். வெல்டருக்கு ஒரு மணி நேர வேலை.

வாங்கும்போது, வாங்கிய பின்

விலைப்புள்ளி வாங்கும்போது “சென்சாருடன் கேட் மோட்டார்” என்று ஒரே வரியில் எழுதித் தருவார்கள். அதை ஏற்க வேண்டாம். கண் எத்தனை ஜோடி, எந்த உயரம், பட்டை எந்த முனையில், சுருள் என்ன அளவு, போர்டில் சோதனை வசதி உண்டா என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானும் எர்த்தும் அதே பில்லில் வரட்டும். மழையில் நனையும் இரும்பு கேட் அது. சுவர் பொத்தானை, கேட் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஆனால் அமுக்குகிறவர் கேட்டைத் தொட முடியாதபடி 6 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். செல்போனில் வீட்டிலிருந்தே கேட்டைத் திறந்து மூடும் வசதி இப்போது வந்துவிட்டது. திறக்கட்டும். பார்க்காமல் மூடுவதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம்.

பிரிக்கும் சாவி வாட்ச்மேன் அறையில், ஆணியில், எல்லோருக்கும் தெரியும்படி தொங்க வேண்டும். திருட்டுப் போகுமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சாவி திருட்டுப் போனால் வேறு சாவி செய்யலாம் என்றோம். பகல் வாட்ச்மேன், இரவு வாட்ச்மேன், மேஸ்திரி மூவருக்கும் அதைத் திருப்பிக் கேட்டைக் கையால் தள்ளிக் காட்டப் பழக்கியிருக்க வேண்டும். விபத்து நடந்த கிட்டங்கியில் சாவி இருந்த பீரோ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

எலக்ட்ரானிக் தராசை ஆண்டுக்கொரு முறை முத்திரையிட்டு வாங்குகிறோம். முத்திரை இல்லாவிட்டால் அதிகாரி வருவார், அபராதம் போடுவார் என்ற பயம் இருக்கிறது. கேட்டைச் சோதிக்க நம் கிட்டங்கிக்கு எந்த அதிகாரியும் வருவதை நாம் பார்த்ததில்லை. ஆகவே நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். பெரிய சோதனை ஒன்றுமில்லை. பிஸ்கட் வரும் அட்டைப் பெட்டி போதும். கேட் மூடிவரும்போது பெட்டியைக் கீழ்க் கண்ணின் கோட்டில் வைத்தால் கேட் திரும்பிப் போக வேண்டும். பெட்டிகளை அடுக்கி மேல் கண்ணுக்கும் அதே. பிறகு கண்ணின் கோட்டில் படாமல் முனைக்கு எதிரே ஒரு பெட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையால் அல்ல, நீளக் கம்பால். பட்டை தொட்டதும் கேட் பின்வாங்க வேண்டும். பெட்டி நசுங்கினால் அன்று கேட்டைக் கையால்தான் தள்ள வேண்டும். சரிசெய்யும் வரை மோட்டார் வேண்டாம். எலக்ட்ரீஷியன் வந்துபோன ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். அவர் போர்டை மூடுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நம் மண்டப கேட்

ஊருக்கு உபதேசம் சொல்லுமுன் நம் வீட்டைப் பார்ப்போம் என்று நம் சங்கத் திருமண மண்டப கேட்டையும் திறந்து பார்த்தோம். ஜம்பர் இல்லை. ஆனால் கண் ஒரே ஒரு ஜோடி, அதுவும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில். இரண்டு வயதுக் குழந்தை அதற்குக் கீழே நிமிர்ந்தே நடந்துபோகும். எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து அந்த கேட்டைத் தாண்டி நடந்திருக்கிறது! பந்தி நடக்கும்போது பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கூடி கேட்டைப் பிடித்துத் தொங்குவார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது நாம் செய்த ஏற்பாட்டினால் அல்ல.

செயற்குழுவில் வைத்து ஒப்புதல் வாங்கி, 40 செ.மீ. உயரத்தில் இன்னொரு ஜோடியும், முனைக்குப் பட்டையும், கம்பிகளுக்கு வலையும் போட்டாயிற்று. விசேஷ நாட்களில் மோட்டாரைப் பிரித்து கேட்டைத் திறந்தே வைத்துச் சங்கிலி போடுவது என்றும் தீர்மானம். மண்டபம் எடுப்பவர்கள் இதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேலை முடிந்த அன்று மாலை பெட்டிச் சோதனை செய்தோம். கீழ்க் கண்ணுக்குக் கேட் நின்றது, மேல் கண்ணுக்கும் நின்றது. மூன்றாவது பெட்டியை மட்டும் தூணோடு வைத்து நசுக்கிவிட்டது. புதுப் பட்டை, புது வயர், எல்லாம் சரியாக மாட்டியிருந்தது. போர்டின் அமைப்பில் ‘பட்டை இல்லை’ என்று முன்பிருந்ததை மாற்ற மறந்திருந்தார்கள். எலக்ட்ரீஷியன் இரவு 8 மணி வரை இருந்து அதைச் சரிசெய்து, நாம் இன்னும் ஒரு பெட்டியை வைத்துப் பார்த்த பிறகே பில்லில் கையெழுத்துப் போட்டோம்.